தாதா குடும்பக் கதை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

தாதா குடும்பத்தைப் பற்றிய நாவல்கள் பல முதல் ஐம்பது பக்கங்களில் நம்மை இழுத்து உட்கார வைத்துவிட்டு, நூறாவது பக்கத்தில் கைவிட்டுவிடுகின்றன. ரத்தமும் கெட்ட வார்த்தையும் இருட்டுச் சந்தும் தாராளமாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு குடும்பம் நிஜமாகவே இருந்தது என்று மட்டும் மனசு நம்பாது. இந்த வகை நாவல்களை ஆசையாக வாங்கிப் படிப்பவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். 1960களில் லண்டனின் கிழக்குப் பகுதியை ஆட்டிப்படைத்த கிரே குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதுபவர் எங்கே சறுக்குகிறார் என்பது புரியும். இரட்டையர் ரானி, ரெஜி, அண்ணன் சார்லி, அம்மா வயலட். அந்தக் குடும்பத்தில் முக்கியமானவர்கள் இவர்கள்.

பெரிய தவறு, பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விடுவது. 'தொழில்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கிரே சகோதரர்கள் மாமூல் வாங்கினார்கள், நைட்ஸ்பிரிட்ஜில் சூதாட்ட கிளப்பும் வைத்திருந்தார்கள். இவை போக 'லாங் ஃபர்ம்' என்று ஒரு மோசடி. யாரோ ஒருவர் பெயரில் மொத்த வியாபாரக் கம்பெனி தொடங்கி, ஒரு கிடங்கை வாடகைக்கு எடுப்பார்கள். கொஞ்சமாகச் சரக்கைக் கடனுக்கு வாங்கி, சொன்ன தேதியில் பணத்தைக் கட்டிவிடுவார்கள். இப்படிச் சில மாதம் நல்ல பெயர் எடுத்த பிறகு, எல்லா சப்ளையரிடமும் ஒரே நேரத்தில் பெரிய ஆர்டர் போவது வழக்கம். வந்த சரக்கை அவசரமாக, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, கம்பெனியை இழுத்து மூடிவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள்.

இதை எழுதினாலே பாத்திரங்கள் தானாக வந்துவிடுவார்கள்: பெயரை வாடகைக்குக் கொடுத்தவர், பொய்க்கணக்கு எழுதுபவர், பணம் வராமல் நொடித்துப்போன சப்ளையர். கதைத் திருப்பமும் இங்கேதான் கிடைக்கும். கிரே சகோதரர்களுக்கு இந்த மோசடிகளை நடத்திக் கொடுத்தவர் லெஸ்லி பெய்ன். அவர்மீது சந்தேகம் வந்ததும், அவரைப் போட்டுத்தள்ள ஜாக் மெக்விட்டி என்பவரிடம் முன்பணம் கொடுத்தார்கள். மெக்விட்டி பணத்தை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கவில்லை. அவர் கொல்லப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். உயிர் பிழைத்த பெய்ன், போலீசிடம் விரிவான வாக்குமூலம் கொடுத்தார். பணக்கணக்கு தெரிந்த ஆள்தான் ஆபத்தான சாட்சி என்பதை எத்தனை நாவல்கள் யோசிக்கின்றன?

அடுத்து வன்முறை. அத்தியாயத்துக்கு ஒரு கொலை விழுந்தால், நாலாவது கொலைக்குள் வாசகருக்கு மரத்துப்போகும். கிரே இரட்டையருக்கு 1969இல் ஆயுள் தண்டனை வாங்கித் தந்தவை இரண்டு கொலைகள்தான். அவற்றில் மெக்விட்டியின் கொலை 1967 அக்டோபரில், ஒரு வீட்டின் தரைக்கீழ்த் தளத்தில் நடந்தது. வழுக்கையை மறைக்க எப்போதும் தொப்பி போட்டிருப்பவர் அவர். பார்ட்டி என்று சொல்லி அழைத்து வந்தார்கள். ரெஜி துப்பாக்கியை அழுத்தினார், குண்டு வெடிக்கவில்லை. அப்புறம்தான் கத்தி. அந்தத் தடுமாற்றத்தில் இருக்கும் பயங்கரம், குறி தப்பாமல் சுடும் எந்த நாயகனிடமும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததும் முக்கியம். மெக்விட்டியின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அப்புறப்படுத்த உதவினார் என்று அண்ணன் சார்லிக்குப் பத்து வருடம் சிறை. ஒரு கொலையை எழுதினால், அந்த ராத்திரி யாரை எழுப்பினார்கள், யார் துடைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

வசையை மட்டுமே வசனமாக்குவதும், போலீசை முட்டாளாகவோ கைக்கூலியாகவோ மட்டும் காட்டுவதும் எல்லோரும் செய்கிற தவறுகள். அதிகம் சொல்லத் தேவையில்லை.

அம்மாவைச் சொல்லியாக வேண்டும். நாவல்களில் அவள் அடுப்படியில் அழுவாள், இல்லாவிட்டால் திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பாள். பெத்னல் கிரீன் வேலன்ஸ் ரோட்டில் இருந்த வயலட்டின் வீட்டுக்குத்தான் மகன்களின் ஆட்கள் வந்து போனார்கள், டீ போட்டுக் கொடுத்தது அவர்தான். பிள்ளைகளை உயிராக நேசிப்பவள், தெரிந்தும் தெரியாதது போல் எதையெல்லாம் கேட்காமல் விடுகிறாள்? நாவலாசிரியர் போக வேண்டிய இடம் அது.

கடைசியாக, ஊர் மக்களின் பயம். 'எல்லோரும் நடுங்கினார்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1966 மார்ச் 9 அன்று, பிளைண்ட் பெக்கர் என்ற மதுக்கடையில் ஆட்கள் இருக்கும்போதே, எதிர் கும்பலைச் சேர்ந்த ஜார்ஜ் கார்னெல் என்பவரை ரானி சுட்டுக் கொன்றார். அந்த இரண்டு கொலைகளில் மற்றொன்று இதுதான். அங்கே வேலை பார்த்த பெண் அதன்பிறகு நடந்த அடையாள அணிவகுப்பில் ரானியைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1968 மே மாதம் நிப்பர் ரீட் என்ற போலீஸ் அதிகாரி சகோதரர்களையும் கூட்டாளிகளையும் ஒரே வீச்சில் பிடித்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அதே பெண் நீதிமன்றத்தில் ரானியை அடையாளம் காட்டினார். இப்படி ஒருவருக்கு நாவலில் இரண்டு அத்தியாயமாவது வேண்டும்: வாய் திறக்க மறுத்த நாளுக்கு ஒன்று, திறந்த நாளுக்கு ஒன்று.