வீட்ல சண்டை ஓயலையா? கவுன்சிலிங் போறது இப்படித்தான்

கவுன்சிலிங்னாலே பைத்தியத்துக்கு வைத்தியம்னு இன்னும் நிறைய பேரு நெனைக்கிறாங்க, அது தப்புங்க. நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவரு வேலை விட்டு வந்ததும் போனைத் தூக்கிட்டு உக்காந்துடுவாரு, நான் பாத்திரத்தை டங்குனு வைப்பேன், அப்புறம் ரெண்டு நாளைக்கு பேச்சே கிடையாது.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு மனநல உதவி லைன், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பிரைவேட்ல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போனா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க.

போறதுக்கு முன்னாடி கடைசியா நடந்த ஒரே ஒரு சண்டையை எழுதி எடுத்துட்டுப் போங்க, யாரு என்ன சொன்னாங்கன்னு அப்படியே, கல்யாணத்துலேர்ந்து எல்லாக் கதையும் வேண்டாம். கவுன்சிலிங் பண்றவங்க தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, யாரு பக்கமும் சேர மாட்டாங்க. "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு சொல்றதை நிறுத்திட்டு "நீங்க பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்கு"ன்னு என்னை சொல்ல வச்சாங்க, அன்னைக்குத்தான் அவரு நிமிர்ந்து என் முகத்தைப் பாத்தாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஒரே தடவைல எல்லாம் மாறிடாதுங்க, நாலஞ்சு தடவையாவது போங்க, அப்பவும் ஒத்து வரலைன்னா வேற ஆளைப் பாருங்க.

ஆனா அடி உதை இருக்குன்னா ஜோடியா போய் உக்காராதீங்க, மொதல்ல பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க. மத்தபடி அவரு வரமாட்டேன்னு சொன்னா காத்துட்டு இருக்க வேண்டாம், நீங்க தனியாவே போங்க.