பிள்ளைத்தாய்ச்சியின் சாப்பாட்டில் கோலின் சேர்ப்பது எப்படி?

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கும் நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கோலின் என்ற சத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்த மாத்திரைகளில் அது கிடையாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

மூளைச் செல்லின் சவ்வில் பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பு இருக்கிறது. அது உடைந்து முதலில் கிளிசரோபாஸ்போகோலின் என்ற இடைப்பொருளாகி, பிறகு கோலினாகப் பிரியும். நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தை மூளை இந்தக் கோலினை வைத்துத்தான் செய்துகொள்கிறது. வயிற்றுப் பிள்ளைக்குப் புதுச் செல்கள் ஓயாமல் உருவாவதால், தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி கோலினை இழுத்துக்கொண்டே இருக்கும். 1998இல் அமெரிக்காவில் வகுத்த அளவுப்படி கர்ப்பிணிக்கு நாளைக்கு 450 மில்லிகிராம், பால் கொடுக்கும் தாய்க்கு 550.

சரி, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்பில் இதற்கு என்ன செய்யலாம்? முட்டையில் ஆரம்பியுங்கள். பெரிய முட்டை ஒன்றில் சுமார் 147 மில்லிகிராம், ஏறக்குறைய அத்தனையும் மஞ்சள் கருவில். காலையில் மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற ரொட்டியிலேயே இதைச் சேர்த்துவிடலாம்: ரொட்டியைத் திருப்பிப் போட்டதும், வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து அடித்த முட்டையை மேலே ஊற்றிப் பரப்பி, லேசாக இறுகியதும் மறுபடி திருப்பி, ஈரம் துளியும் இல்லாமல் வேகவிடுங்கள். கர்ப்பிணிக்கு அரைவேக்காட்டு முட்டை ஆகாது. அப்புறம் கட்டச் சம்பலைத் தடவிச் சுருட்டினால் கொழுந்து எடுக்கிற இடத்திலேயே கையில் பிடித்துச் சாப்பிடலாம்.

வீட்டில் இரண்டே முட்டைதான் என்றால் இரண்டும் அவளுக்கு. புருஷனுக்கும் மாமனாருக்கும் வைத்துவிட்டு அவள் வெறும் ரொட்டியைக் கடிக்கிற பழக்கத்தை மாமியார்மார்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

முட்டை சாப்பிடாதவர்கள் சோயா, பருப்பு, சிவப்பு போஞ்சி விதை, பால் எல்லாவற்றையும் கலந்து சாப்பிட வேண்டும், ஒன்றை மட்டும் நம்பினால் அளவு எட்டாது. தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நுவரெலியா பக்கம் விளையும் கோலிபிளவர், புரோக்கோலியிலும் கொஞ்சம் உண்டு. கோலின் தண்ணீரில் கரையும், அதனால் மரக்கறி அவித்த தண்ணீரைக் கொட்டாமல் பருப்பில் ஊற்றுங்கள்.

ஈரலில் கோலின் நிறைய, ஆனால் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம், அது வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யலாம். கர்ப்ப காலத்தில் ஈரல் வேண்டாம்.

பார்மசியில் கோலின் கேப்சூல் கண்ணில் பட்டால், கிளினிக் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். நாளைக்கு 3500 மில்லிகிராமைத் தாண்டினால் உடம்பில் மீன்வாடை அடிக்கும், பிரஷரும் இறங்கிப்போகலாம்.