1.234: ஆயிரத்துச் சொச்சமா, ஒண்ணு சொச்சமா?

வெளிநாட்டு இன்வாய்ஸ், ரிப்போர்ட் எதுலயாவது பெரிய நம்பர் வந்தா, கமாவ பாத்த உடனே லட்சம் கோடின்னு படிச்சிடாதீங்க. முதல்ல தசமக் குறி எதுன்னு கண்டுபிடிங்க.

ஜெர்மனில 12.345.678,90ன்னு எழுதுவாங்க. ரெண்டு குறியும் இருந்தா கடைசியா வர்றதுதான் தசமம், மத்தது சும்மா பிரிக்கறதுக்கு. ஒரே குறி ரெண்டு தடவ வந்தாலும் அது தசமம் இல்ல. பிரான்ஸ்ல இடைவெளி விடுவாங்க, சுவிஸ்ல 12’345’678ன்னு மேல ஒரு குட்டிக் கோடு. வம்பே 1.234 மாதிரி ஒத்தக் குறியும் பின்னாடி மூணு இலக்கமும் வர்றப்பதான், அத மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாது, அதே பேப்பர்ல வேற எங்கயாவது 0,5ன்னு இருக்கா 0.5ன்னு இருக்கான்னு தேடிட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு நாட்டு முறையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா, தசமக் குறியத் தவிர மத்த குறி எல்லாத்தையும் அழிச்சுட்டு, முழு எண்ண வலது பக்கத்துலேர்ந்து வெட்டுங்க. 34,56,78,912 இருக்கா, அழிச்சா 345678912. மூணு மூணா வெட்டினா 345,678,912, அதாவது 345 மில்லியன் சொச்சம். நாலு நாலா வெட்டினா 3, 4567, 8912. இத ஜப்பான்ல 3 ஓக்கு 4567 மான் 8912ன்னு படிப்பாங்க, சீனாவுல அதே யீ, வான். காமெடி என்னன்னா அவங்களும் கமா போடறது பெரும்பாலும் மூணு மூணாத்தான், படிக்கறது மட்டும் நாலு நாலா! 10 மான் ஒரு லட்சம், 1 ஓக்கு 10 கோடி, 100 கோடி ஒரு பில்லியன், இது மூணும் மனசுல இருந்தா போதும்.

ஆனா பில்லியன்லயும் ஒரு வில்லங்கம் இருக்கு. இங்கிலீஷ்ல இப்போ 9 சைபர், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ்ல 12 சைபர். பிரிட்டன் அரசாங்கமே 1974லதான் 9 சைபர் கணக்குக்கு மாறுச்சு, அதனால பழைய பிரிட்டிஷ் புக்குல பில்லியன்னு பாத்தா கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க.

நீங்க எழுதறப்போ எல்லா நாட்டுக்காரங்களுக்கும் புரியணும்னா 345 678 912தான் சேஃப். 2003ல எடை அளவுகளுக்கான சர்வதேச மாநாடும் இதத்தான் சொல்லுச்சு, பிரிக்கறதுக்கு கமாவும் வேணாம் புள்ளியும் வேணாம், இடைவெளி விடுங்கன்னு. எக்செல்ல மட்டும் கமா, இடைவெளி எதையும் கையால டைப் பண்ணாதீங்க, வெறும் இலக்கமா போட்டுட்டு ஃபார்மேட்ல மாத்திக்கோங்க, இல்லன்னா டைப் பண்ற கம்ப்யூட்டர்ல வேற நாட்டு செட்டிங் இருந்தா அது டெக்ஸ்டா உக்காந்துக்கலாம், அப்போ SUM போட்டு டோட்டல் பாத்தா எரர்கூட காட்டாம அத விட்டுட்டு மத்தத மட்டும் கூட்டிக் குடுத்துடும்.