ஒன்வே டிக்கெட்டில் விசிட்டராகப் போவது எப்படி: சென்னை, கோலாலம்பூர், ஹாட்யாய், பாங்காக் வழி

ஒன்வே டிக்கெட்டில் சுற்றிப் பார்க்கப் போவது குற்றமில்லை. ஆனால் எந்தத் தேதியில், எந்த வழியாக அந்த நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். அதை முதலில் கேட்பவர் மலேசிய அதிகாரி இல்லை, மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் ஏற்பாடுதான்.

நானும் தம்பியும் போன பாதையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒன்வே விமானம். அங்கிருந்து பஸ்ஸில் எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹாட்யாய். கடைசியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு இன்னொரு ஒன்வே. போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் செலவு மிச்சம், இரண்டு நாட்டையும் பார்த்துவிடலாம். பாஸ்போர்ட் எடுப்பது, பெட்டி கட்டுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கவுன்ட்டரில் ஏன் கேட்கிறார்கள்

அங்கே இமிக்ரேஷனில் உங்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால், திரும்பக் கூட்டிவரும் பொறுப்பு உங்களை ஏற்றிவந்த விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் கவுன்ட்டர் ஊழியர் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பைப் பார்க்கிறார். விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்னென்ன வேண்டும் என்று அதில் இருக்கும். 'ரிட்டர்ன் அல்லது அடுத்த நாட்டுக்கான டிக்கெட்' என்று அதில் இருந்தால் அவர் கேட்டே தீர வேண்டும். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் வேலையை அவர் பார்க்கிறார்.

வெப் செக்-இன் முடித்து போர்டிங் பாஸ் கைப்பேசியில் வந்துவிட்டதே என்று தெம்பாக இருக்க வேண்டாம். வெளிநாட்டு விமானத்துக்குக் கவுன்ட்டரில் ஆவணம் சரிபார்க்கச் சொல்வது வழக்கம்.

முதல் படி: பாஸ்போர்ட்டில் இசிஆர் இருக்கிறதா?

டிக்கெட் பார்ப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' என்று பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்தால் அது இசிஆர் பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வரும். காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் நிறையப் பேரிடம் இருப்பதும் இதுதான். இசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தச் சோதனை உள்ள நாடுகளின் பட்டியலில் 18 நாடுகள் உண்டு. மலேசியாவும் தாய்லாந்தும் அதில் அடக்கம்.

வேலைக்குப் போனால்தான் எமிக்ரேஷன் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு 2007 அக்டோபர் 1 முதல் தனி அனுமதி தேவையில்லை. அதற்குப் பதில் பாஸ்போர்ட், விசா, ரிட்டர்ன் டிக்கெட் மூன்றையும் சென்னை இமிக்ரேஷனில் காட்ட வேண்டும். ஆகவே இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவில் உள்ள வழியில் போகாதீர்கள். ரிட்டர்ன் டிக்கெட்டே எடுங்கள். பத்தாவது மார்க் ஷீட் இருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர் இருக்கிறதென்றால், அந்த வரியை எடுத்துவிட மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். நம் பக்கத்துக்கு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரா வசதி.

இசிஆர் இல்லாவிட்டாலும், தனியாகப் போகும் இளைஞர்களைச் சென்னை இமிக்ரேஷனில் கொஞ்சம் துருவித்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பி விசிட்டராகப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, அரசு தலையிட்டு மீட்டு வர வேண்டியதாயிற்று. "இப்போதைக்கு விசிட்ல வந்துடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது ஒன்வே டிக்கெட் போட்டு அனுப்பினால் தயவுசெய்து ஏறாதீர்கள். ஏஜென்ட் உண்மையில் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இந்தப் பதிவு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

அடுத்து: வெளியேறும் டிக்கெட்

எங்களை நிறுத்தியது இந்த இடம்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கவுன்ட்டரில் பாங்காக்–சென்னை டிக்கெட்டை நீட்டினோம். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "சார், இது தாய்லாந்துல இருந்து. மலேசியாவுல இருந்து நீங்க வெளிய போறது எங்க?" என்றார். நியாயமான கேள்வி. பஸ் டிக்கெட்டைக் கொடுத்தோம். அதை அவரால் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்க முடியவில்லை, சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தம்பிக்கு வியர்த்துவிட்டது. சூப்பர்வைசர் வந்ததும் காகிதங்களைத் தேதி வரிசையில் வைத்தேன்: கோலாலம்பூர் ஹோட்டல், ஹாட்யாய் பஸ், ஹாட்யாய் ஹோட்டல், பாங்காக்கிலிருந்து சென்னை விமானம். ஒன்றின் தேதி முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதிகள் இவை. வெளியேறும் டிக்கெட் நீங்கள் இறங்கும் நாட்டில் தொடங்கி வேறு நாட்டில் முடிய வேண்டும். அந்த வேறு நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு உரிமையும் இருக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பஸ் மலிவு, ஆனால் நமக்கு முன்கூட்டியே எடுத்த சிங்கப்பூர் விசா தேவை. விசா இல்லாமல் அந்த டிக்கெட்டைக் காட்டினால் அது வெறும் காகிதம். ஹாட்யாயை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா விலக்கு 2023 நவம்பரில் தொடங்கியது, விசா இல்லாமல் தங்கும் நாள் கணக்கு இடையில் மாறியிருக்கிறது. கிளம்பும் வாரத்தில் சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலேசியாவில் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

பஸ்ஸா விமானமா என்று கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு விமானம் என்பேன். கோலாலம்பூரிலிருந்து ஹாட்யாய்க்கு ஏர் ஏஷியா பறக்கிறது. பிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் கவுன்ட்டரிலேயே தெரிந்துவிடும், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

டம்மி டிக்கெட் பற்றி

மண்ணடியிலும் பாரிமுனையிலும் கேட்டால் "நூறு, இருநூறுல டம்மி போட்டுத் தரேன்" என்பவர்கள் கிடைப்பார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. பெயரையும் தேதியையும் மாற்றி அடித்த பிடிஎஃப் என்றால் அது போலி ஆவணம், பேச்சே இல்லை. இன்னொரு வகை, பணம் கட்டாமல் பிடித்துவைத்த புக்கிங். அதற்கு பிஎன்ஆர் இருக்கும், ஆனால் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்காது. கெடு முடிந்ததும் தானாகக் கழன்றுவிடும். சென்னையில் உயிரோடு இருந்தது கோலாலம்பூர் இமிக்ரேஷன் வரிசையில் நிற்கும்போது செத்துப்போயிருந்தால் யாரைக் கேட்பீர்கள்?

திட்டம் உறுதியாகாதவர்கள் ரீஃபண்டபிள் டிக்கெட்டை உண்மையாகவே பணம் கட்டி வாங்குங்கள். திரும்பும் பணம் கார்டுக்கு வருமா, அந்த நிறுவனத்தின் கிரெடிட்டாக நிற்குமா என்பதை வாங்கும் முன் படியுங்கள். மலிவு விமானங்களில் பெரும்பாலும் கிரெடிட்தான். நான் கூகுள் ஃப்ளைட்ஸில் தேடுவேன், வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும். நடுவில் இன்னொரு தளம் இருந்தால், பணம் திரும்ப வேண்டிய நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். பஸ் டிக்கெட்டுக்கு ஈஸிபுக் தளம் பார்த்தேன், குறை ஒன்றுமில்லை.

வருகை அட்டை

மலேசியாவுக்கு எம்டிஏசி (மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு), தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிடிஏசி (தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டு). இரண்டும் இணையத்தில் நிரப்புவது, இரண்டும் இலவசம், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள். தாய்லாந்து அட்டையை மலேசியாவில் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ளலாம்.

எம்டிஏசியில் வெளியேறும் தேதி கேட்பார்கள். பஸ் அல்லது விமான டிக்கெட்டில் உள்ள அதே தேதியைப் போடுங்கள். வந்து சேரும் தேதியிலும் கவனம் வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் நான்கு மணி நேரம், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 10ஆம் தேதி இரவு 11 மணிக்கு ஏறினால் 11ஆம் தேதி காலைதான் இறங்குவீர்கள். படிவத்தில் 11 என்றே போட வேண்டும்.

பெயர்: நம்மவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விமானத் தளம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒற்றைப் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கும், அதன்படியே போடுங்கள். (துபாய் போகும் எண்ணம் இருந்தால் தனியாக விசாரியுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது.)

பணம்

கையில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லலாம். கொஞ்சம் ரிங்கிட் நோட்டாகவும், மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலும் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) வைத்தோம். உரிமம் உள்ள கடையில் மாற்றி பில் வாங்குங்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் எடுத்துப் போகலாம்.

வங்கி ஆப்பில் டெபிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வீட்டிலேயே திறந்துவையுங்கள். 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் அது மூடியே வருகிறது. ஏன் முக்கியம் என்று கீழே பின்சேர்க்கையில் பாருங்கள்.

கிளம்பும் நாள்

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பயணத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போடுங்கள். கைப்பேசி போதும் என்பார்கள். வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது மெயிலில் தேடிக்கொண்டிருப்பதைவிடக் காகிதம் நூறு மடங்கு மேல்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு நீல வழித்தட மெட்ரோ ஒரே வண்டியில் விமான நிலையம் போகும். மாற வேண்டாம். இரவு விமானத்துக்குக் கடைசி வண்டியை நம்பாமல் முன்னதாகவே கிளம்புங்கள். மூன்று மணி நேரம் முன்பே கவுன்ட்டரில் நிற்பது நல்லது. ஒன்வேக்காரர்களுக்குச் சூப்பர்வைசர் வரக் காத்திருக்கும் நேரமும் அதில் அடங்க வேண்டும்.

கோலாலம்பூர் இமிக்ரேஷனில் கேட்டது எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள், அவ்வளவுதான். சுருக்கமாக, உண்மையைச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அவர் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்திருங்கள்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு எர்ணாவூர் அண்ணன் ஒருவர் ரயிலில் போகத் திட்டமிட்டு, கோலாலம்பூர்–பாடாங் பெசார் ரயில் டிக்கெட்டைக் கவுன்ட்டரில் காட்டியிருக்கிறார். ஏற்கவில்லை. பாடாங் பெசார் எல்லையில்தான் இருக்கிறது, இரண்டு நாட்டு இமிக்ரேஷனும் அந்த நிலையத்திலேயே உண்டு. ஆனால் ஊர் மலேசியாவுக்குள் இருப்பதால் அந்த டிக்கெட் உள்நாட்டுப் பயணம்தான், வெளியேறுவதைக் காட்டாது. நல்லவேளை அவர் கார்டு திறந்திருந்தது. அங்கேயே நின்றபடி ஹாட்யாய்க்கு விமான டிக்கெட் எடுத்துக் காட்டி ஏறிவிட்டார். ரயிலில் போக ஆசைப்படுபவர்கள் பாடாங் பெசார் வரையுள்ள ரயில் டிக்கெட்டை மட்டும் நம்பியிருக்காமல், கையில் வேறொரு வெளியேறும் டிக்கெட் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை 2

"அம்மாவுக்கு 56 வயசு, பள்ளிக்கூடம் போனதில்லை, கூட்டிட்டுப் போகலாமா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். தாராளமாக. 50 வயது கடந்தவர்கள் இசிஆர் இல்லாத பிரிவில் வருகிறார்கள். ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் அந்த வரி இன்னும் அச்சில் இருந்தால், மறுவெளியீடு செய்து புதிய பாஸ்போர்ட் வாங்கிய பிறகு ஒன்வே யோசியுங்கள். அவசரமாகப் போக வேண்டுமென்றால் அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து ரிட்டர்ன் டிக்கெட்டே எடுங்கள் அக்கா. ஒருவருக்கு ரிட்டர்ன், ஒருவருக்கு ஒன்வே என்று பிரித்தால் இமிக்ரேஷனில் இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள், அம்மா பதறிப்போவார்.