பழைய ஸ்டீரியோ ஆம்பும் புது ஹெட்ஃபோனும்: கடலோர வீட்டில் பொருத்திக் கேட்பது எப்படி

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பல வீடுகளில் சபுர் (வெளிநாட்டு வேலை) போய் வந்தவர்கள் தூக்கிவந்த கனத்த ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கும். முகப்பில் கால் அங்குல ஹெட்ஃபோன் துளையும் இருக்கும். புது ஹெட்ஃபோனை அதில் செருகினால் பெரும்பாலும் மூன்றில் ஒரு தொல்லை வரும். பேஸ் வீங்கிக் கொழகொழவென்று கேட்கும். அல்லது பாட்டு நின்ற பிறகும் உஸ்ஸென்ற இரைச்சல் நிற்காது. அல்லது வால்யூமை எவ்வளவு திருப்பினாலும் சத்தம் ஏறாது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. காரணம் தெரிந்தால் சில நேரம் இரண்டு ரெசிஸ்டரோடு வேலை முடிந்துவிடும்.

முதலில் ஹெட்ஃபோன் கேட்பது என்ன?

"ஓம் அதிகம் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும்" என்று கடைகளில் சொல்வார்கள். பாதிதான் சரி. ஓம் என்பது மின்தடையின் அளவு. அதோடு சேர்த்து உணர்திறனையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே உணர்திறன். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு.

நாகஸ்வரக் கச்சேரிப் பதிவுகளில் தவில் உச்சத்தில் விழும் அடிக்கும் இடம் விட்டு, 110 டெசிபல் உச்சத்தைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். ஆடியோ டெக்னிகா ஏடிஎச் எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். அதற்கு சுமார் 13 மில்லிவாட், அதாவது 0.7 வோல்ட் போதும். போனில் செருகும் சிறு ஹெட்ஃபோன் டாங்கிளே ஓட்டிவிடும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகை 96 டெசிபல். அதற்கு 25 மில்லிவாட் போதும், ஆனால் வோல்ட் 2.5 வேண்டும். டாங்கிள்கள் பல 1 வோல்ட்டில் நின்றுவிடுவதால் 102 டெசிபலோடு முட்டிக்கொள்ளும். சினிமாப் பாட்டுக்கு அது போதும், மெதுவாகப் பதிந்த பழைய கச்சேரிக்குப் போதாது.

மூன்றாவது உதாரணம்தான் கடைக்காரரின் விதியை உடைப்பது. ஹைஃபைமேன் எச்இ 6 வெறும் 50 ஓம். ஆனால் உணர்திறன் 83.5 டெசிபல். 110 தொட சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர் வேண்டும். ஓம் குறைவாக இருந்தும் மூன்றில் அதிகம் தின்பது இதுதான்.

பெட்டியில் உள்ள எண் மில்லிவாட்டுக்கா, வோல்ட்டுக்கா என்றும் பாருங்கள். சில நிறுவனங்கள் 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று அச்சிடும். 300 ஓம் ஹெட்ஃபோனில் அதிலிருந்து சுமார் 5 கழித்தால் மில்லிவாட் கணக்கு வரும். 32 ஓமில் 15 கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஆம்பின் விளம்பரத்திலும் இதேபோல் ஒரு மறைவு உண்டு. "32 ஓமில் 1000 மில்லிவாட்" என்றால் 5.6 வோல்ட் தரும் என்று பொருள். வோல்ட் அதற்கு மேல் ஏறாவிட்டால் அதே ஆம்ப் 300 ஓமில் சுமார் 100 மில்லிவாட்தான் தரும். உங்கள் ஹெட்ஃபோனின் ஓமுக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பேஸ் வீங்குவது ஏன்?

பழைய ஆம்ப்கள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்குத் தனிச் சுற்று கிடையாது. ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்தே 220 முதல் 470 ஓம் வரையான ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டுத் துளைக்குக் கொடுத்திருப்பார்கள். ஹெட்ஃபோனின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் 32 என்றிருப்பது பேஸ் பகுதியில் 80 வரை ஏறலாம். தொடரில் 330 ஓம் நின்றால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் 7 டெசிபல் கூடிவிடும். வீக்கம் அங்கிருந்துதான் வருகிறது. அதே துளையில் 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 போன்றதைச் செருகினால் ஏற்றம் சுமார் 2 டெசிபல்தான், பலருக்கு அது இனிமையாகக்கூடப் படும். அதனால் பழைய ஆம்பை வைத்துக்கொள்வதென்று முடிவுசெய்தவர்கள் 250, 300 ஓம் ஹெட்ஃபோன் பக்கம் போவது நல்லது. எச்இ 6 போன்ற ப்ளேனர் வகைக்கு (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருவது) ஓம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பேஸ் மாறாது, ஆனால் பவர் வீணாகும்.

ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் அவுட்புட் ஓம் போகக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. 32 ஓமுக்கு 4. ஒரு காதுக்கே பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் உறுப்புகள்) வைத்த, காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களுக்கு 1 ஓமுக்குள் இருந்தால் நல்லது. ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்ப்கள் பல இந்த வரம்பைத் தாண்டும். அவற்றை 300 ஓமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆம்பின் அவுட்புட் ஓமை அளப்பது எளிது. பழைய ஆக்ஸ் வயரின் ஒரு முனையை வெட்டி, துளைக்கேற்ற அடாப்டரோடு செருகுங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, அடி எர்த். போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, நுனிக்கும் அடிக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். 1 வோல்ட் வரும்வரை வால்யூம் வையுங்கள். பிறகு அதே இரு முனைக்குக் குறுக்கே 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டரைப் பிடித்து மறுபடி பாருங்கள். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 33 ஆல் பெருக்கி, இரண்டாவது அளவால் வகுத்தால் விடை. 1 வோல்ட் 0.8 ஆக இறங்கினால் சுமார் 8 ஓம், 0.09 ஆக இறங்கினால் 330 ஓம் போல. மலிவான மஞ்சள் மல்டிமீட்டர்களில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், இந்த வேலைக்கு ஆகாது. 2 அல்லது 6 வோல்ட் ரேஞ்ச் உள்ளது வேண்டும்.

மீட்டர் கையில் இருக்கும்போதே பாட்டை நிறுத்தி, டிசி வோல்ட்டும் பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 50ஐத் தாண்டினால் ஹெட்ஃபோனைச் செருகாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இரண்டு ரெசிஸ்டர் அடாப்டர்

அளவு 100 ஓமுக்கு மேல் வந்த பழைய ஆம்புக்கு மட்டும் இது. கால் அங்குல ஸ்டீரியோ பின் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்று, 10 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு. மூன்று வயர்களையும் நேருக்கு நேர் இணையுங்கள். நுனிக்கும் அடிக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர், வளையத்துக்கும் அடிக்கும் இடையே இன்னொன்று. ஹெட்ஃபோன் பார்க்கும் ஓம் 10க்குக் கீழ் வந்துவிடும், பேஸ் வீக்கம் பெருமளவு அடங்கும். 330 ஓம் ஆம்பில் 32 ஓம் ஹெட்ஃபோனுக்குச் சத்தம் சுமார் 12 டெசிபல் குறையும், ஆம்பின் சொந்த உஸ் இரைச்சலும் அதோடு அடங்கும். 50 வாட் ஆம்பில் முழு வால்யூமில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், எம்50எக்ஸ் அதில் சுமார் 106 டெசிபல் தொடும், பெரும்பாலான பாட்டுக்கு அது போதும். போதவில்லையென்றால் 10க்குப் பதில் 22 ஓம் போடுங்கள். தனி ஹெட்ஃபோன் ஆம்ப்களில் இதைப் போடாதீர்கள், 10 ஓம் சுமையில் அவை திணறும்.

இந்த அடாப்டரோடு கேட்கும்போது வால்யூம் உயரத்தில் இருக்கும். யாராவது பின்னைப் பிடுங்கினால் அத்தனை சத்தமும் ஸ்பீக்கரில் பாயும். முகப்பில் ஸ்பீக்கர் சுவிட்ச் இருந்தால் முதலில் ஆஃப் செய்துவிட்டுச் செருகுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் முனையில் நேரடியாக ஹெட்ஃபோன் கட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய சிறு கிளாஸ் டி ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு மைனஸ்களும் எர்த் அல்ல. ஹெட்ஃபோன் வயரில் அவை ஒன்றுசேர்ந்தால் ஆம்பின் ஐசி போய்விடக்கூடும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

இந்தக் கடற்கரையில் ஒரு பக்கம் கேட்கவில்லை, கரகரக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பச்சைக் களிம்பை. கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில் உப்பும் மணலும் சேர்ந்து வரும், வாடைக்காற்றில் ஈரம். துளைக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், பின்னை எடுத்ததும் ஸ்பீக்கரை இணைப்பது அதுதான். அதில் களிம்பு ஏறினால் ஒரு ஸ்பீக்கர் ஊமையாகும். ஆம்ப் போய்விட்டதென்று எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

ஆம்பின் கரண்ட் வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பின்னில் தடவி, துளையில் செருகி இருபது முறை சுழற்றுங்கள். கருப்பைத் துடைத்துவிட்டு, கருப்பு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அரை மணி நேரம் உலர்ந்த பின்தான் கரண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய், அடுத்த மாதமே களிம்பு திரும்பிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மணலைப் பிடித்து வைக்கும். வால்யூம் கரகரப்புக்குக் காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே அடித்து முப்பது முறை திருப்புங்கள். சில நாளில் கரகரப்பு திரும்பினால் காரணம் தூசியாக இல்லாமல், உள்ளே ஒரு கெப்பாசிட்டர் டிசியை ஒழுகவிடுவதாக இருக்கலாம்.

தினம் ஒரு மணி நேரமாவது ஆம்பை ஓட்டுங்கள், தன் சூட்டிலேயே ஈரம் போகும். ஹெட்ஃபோனை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ரெக்சின் காதுறை இந்த ஈரச் சூட்டில் உரிந்து கொட்டும், துணி வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். ஃபேன் இல்லாமல் உட்கார முடியாத அறைக்கு, வெளிச்சத்தம் உள்ளே வரும் திறந்த முதுகு ஹெட்ஃபோன் வாங்கினால், ஃபேன் சத்தத்தை வெல்லத்தான் பாதி வால்யூம் செலவாகும்.

கரண்ட்

சவூதியிலிருந்து வந்த பழைய ஆம்பில் பின்புற லேபிளைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 110 அல்லது 127 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். வோல்ட் மாற்றும் திருகு இல்லையென்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து பாட்டு ஓடும்போது ஹெட்ஃபோனில் உர்ரென்ற ஓசை வந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றம் எர்த் சுற்றில், ஆம்பில் அல்ல. அதற்காக எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள். கடலோர மண்ணில் எர்த் பைப் துருப்பிடித்துத் தின்னப்பட்டிருக்கவும் கூடும், எலெக்ட்ரீஷியனிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஓசை என்றால், சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வழி.

ஆம்பை ஆன் செய்து பத்து விநாடி கழித்தே ஹெட்ஃபோனைச் செருகுங்கள், வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் நொடியில் சில ஆம்ப்கள் டப்பென்று உதைக்கும். உங்கள் ஆம்ப் அந்த ரகம் என்றால், கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்துவிடுங்கள்.