பாலியெஸ்டரா, எப்பாக்ஸியா? ரெசின் வாங்கும் முன்

ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத ரெசின்களில் (பிளாஸ்டிக் பிசின்களில்), பட்டறையில் கையால் பூசி வேலை செய்யப் பெரும்பாலும் பயன்படுபவை பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எப்பாக்ஸி மூன்றும்தான். பேக்கலைட்டும் மெலமினும் சூடும் அழுத்தமும் கேட்பவை. குக்கர் கைப்பிடி, சன்மைக்கா எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். ப்ளைவுட்டை ஒட்டும் பசையும் இதே இனத்து ரெசின்தான், அதனால் அங்கே மட்டும் பசையைப் பாருங்கள்: யூரியா பசை போட்ட எம்.ஆர். ரகம் ஈரத்தில் பிரியும். சிங்க் அடிக்கு ஃபீனால் பசை போட்ட பி.டபிள்யூ.பி. ரகமே சரி.

புதிதாக ஃபைபர் படகோ தொட்டியோ செய்ய பாலியெஸ்டர் போதும், விலையும் குறைவு. ரெசினில் முதலில் கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முழுதாகக் கலக்குங்கள். அதன் பிறகே கேட்டலிஸ்ட் (இறுகுவதைத் தூண்டும் திரவம்), கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். இந்த இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்; ஒரே அளவுக் குவளையைக்கூட இரண்டுக்கும் எடுக்கக் கூடாது. 450 கிராம் மேட் (வெட்டிய கண்ணாடி இழை விரிப்பு) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1 கிலோ ரெசின் குடிக்கும். காற்றுப் பட்ட மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்கு மெழுகு கலந்த ரெசின் உண்டு, ஆனால் கடைசிப் பூச்சில் மட்டும். நடுவில் போட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது.

அமிலத் தொட்டிக்கு வினைல் எஸ்டர். கலக்கும் வரிசை அதேதான். சாதாரண கேட்டலிஸ்டில் நுரைத்துக் குமிழ் விட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு குறைந்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபைபரில் ஓட்டை அடைக்கவும் மரத்தில் ஒட்டவும் எப்பாக்ஸிதான். இங்கே ஹார்ட்னர் (ரெசினோடு கலக்கும் இரண்டாம் திரவம்) வெறும் தூண்டி அல்ல, பிளாஸ்டிக்கின் ஒரு பங்கே அது. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் மிச்சம் வினைபுரியாமல் தங்கி, பூச்சு ரப்பர் போல நிற்கும். டின்னில் உள்ள விகிதம் எடையா, கனஅளவா என்று பாருங்கள்; எடை என்றால் தராசில் நிறுங்கள், கனஅளவு என்றால் அளவுக் குவளையில் அளங்கள். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். வாளியிலேயே விட்டால் சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும், எப்பாக்ஸியில் அது இல்லை. அதனால் நெய்த கண்ணாடித் துணியே போடுங்கள். மழைக்காலத்தில் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு. எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது. வெயில் படும் இடமென்றால் எப்பாக்ஸிக்கு மேல் பெயின்ட் கட்டாயம், இல்லாவிட்டால் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும்.