ஒரே பள்ளி மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? கலிபோர்னியப் பெற்றோருக்கு

கலிபோர்னியாவில் வீடு தேடும் பெற்றோர் பலர், வீட்டு விற்பனைத் தளத்தில் பள்ளியின் பெயரருகே தெரியும் 'பத்துக்கு எட்டு' போன்ற மதிப்பீட்டை வைத்தே நடுநிலைப் பள்ளியை முடிவு செய்துவிடுகிறார்கள். அரசின் மூலத் தரவுகளே இலவசமாகக் கிடைக்கும்போது அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிட வேண்டியதில்லை.

மாநிலத்தில் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கும் 11ஆம் வகுப்புக்கும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வு நடக்கிறது. முடிவுகளை, மாநிலத் தேர்வு முடிவுகளை வெளியிடும் காஸ்ப் (CAASPP) இணையதளத்தில் பள்ளிவாரியாகவும் வகுப்புவாரியாகவும் பார்க்கலாம். கணிதத்திலிருந்து தொடங்குங்கள். ஆங்கில வாசிப்பில் வீட்டுச் சூழலின் பங்கு கூடுதலாகக் கலந்திருக்கும். (மாலையில் பிள்ளைகள் தனி வகுப்புகளுக்கு ஓடும் வட்டாரங்களில் கணிதத்தையும் முழுதாக நம்புவதற்கில்லை.)

ஒரே ஆண்டின் 6, 7, 8ஆம் வகுப்புகளை அருகருகே வைப்பதில் பயன் குறைவு, ஏனெனில் அவர்கள் வெவ்வேறு பிள்ளைகள். 2022இல் 6ஆம் வகுப்பில் இருந்தவர்களை 2023இல் 7ஆம் வகுப்பிலும் 2024இல் 8ஆம் வகுப்பிலும் தொடர்ந்து பாருங்கள். கணிதத்தில் தேர்ச்சி எல்லை 6ஆம் வகுப்புக்கு 2552, 7ஆம் வகுப்புக்கு 2567, 8ஆம் வகுப்புக்கு 2586. ஒரு பள்ளியின் சராசரி இந்த இரண்டு ஆண்டுகளில் 2560இலிருந்து 2576 ஆனதாகக் கொள்வோம். 16 புள்ளி கூடியிருந்தாலும், எல்லை 34 புள்ளி உயர்ந்துவிட்டதால், எல்லைக்கு 8 புள்ளி மேலே இருந்தவர்கள் 10 புள்ளி கீழே இறங்கிவிட்டார்கள். மற்றொரு பள்ளி 2500இலிருந்து 2545க்கு வந்திருந்தால், அது இன்னும் எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆயினும் இடைவெளி 52இலிருந்து 41 ஆகக் குறைந்திருக்கிறது. கற்பித்தலைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது பள்ளியே மேல்.

பள்ளிகளின் நிலையை மாநில அரசு நிறங்களால் காட்டும் ஸ்கூல் டேஷ்போர்டு இணையதளத்தில், சிவப்பு முதல் நீலம் வரையுள்ள ஐந்து நிறங்களும் நடப்பு நிலையையும் முந்தைய ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்தே காட்டுவதால், ஒரே நிறம் பெற்ற இரு பள்ளிகள் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர் ஆகிய பிரிவுகளைத் தனித்தனியே ஒப்பிடுங்கள். சிறிய பிரிவுகளில் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறும். பள்ளி வேலை நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராத மாணவர்களின் விகிதமும் அங்கேயே உண்டு. 180 நாட்களில் இது 18 நாள்.

இறுதியாக, 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 (உயர்நிலைப் பள்ளி அளவிலான இயற்கணிதப் பாடம்) எடுக்க வாய்ப்புண்டா என்று பள்ளியிடமே கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எதிரெதிர்த் தெருக்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் செல்வதுண்டு.